டெலிவரி கம்பெனியில் வேலை எதனால் போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூரியர், ஆன்லைன் வியாபார டெலிவரி கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் என்னிடம் கேட்ட கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். கோவைப் பக்கம் ஒரு ஹப்பில் (பார்சல்களைப் பிரித்து ரைடர்களுக்குக் கொடுக்கும் கிடங்கு) இன்சார்ஜாக இருந்தவன் நான். அதற்கு முன்னால் நானும் முதுகில் பையைத் தூக்கிக்கொண்டு வண்டி ஓட்டியவன்தான். உள்விசாரணைகளில் பல முறை கம்பெனி பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், சில முறை தம்பிகளுக்குத் துணையாக எதிர்ப்பக்கமும். சட்டம் பற்றிய பகுதிகள் தமிழ்நாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கானவை. மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வேலை போகிறவர்கள் எல்லாரும் திருடியவர்களா?

நான் பார்த்த வரைக்கும் இல்லை. பார்சலை எடுத்துக்கொண்டு மறைந்துபோனவர்கள் என்று என் காலத்தில் இரண்டு பேர்தான். மற்றவர்களுக்கு வேலை போனது ஆப்பில் அழுத்திய ஒரு பட்டனால். போகாத வீட்டுக்குப் போனதாக, கொடுக்காத பார்சலைக் கொடுத்ததாக, கட்டாத பணத்தைக் கட்டியதாக ஒரு பதிவு. முதலில் நடந்தது சின்ன விஷயமாக இருக்கும்: டயர் பஞ்சர், மழை, முகவரி கிடைக்கவில்லை. அப்போதே சொல்லியிருந்தால் டீம் லீடர் (டி.எல்.) நாலு திட்டு திட்டியிருப்பார், அதோடு போயிருக்கும். மறைக்கப் போட்ட பதிவுதான் சார்ஜ்மெமோவில் (கம்பெனி எழுத்தில் தரும் குற்றச்சாட்டு) முதல் குற்றச்சாட்டாக வந்து நிற்கும்.

ஒரு நாளைக்கு 90 பார்சல் ஏற்றுகிறார்கள். முடியாததற்கு 'கஸ்டமர் இல்லை' என்று போடாமல் வேறென்ன செய்வது?

இந்தத் தொழிலில் மிகப் பழைய தப்பு இது. ஹப்பில் இதை ஃபேக் அட்டெம்ப்ட் அல்லது ஃபேக் ரிமார்க் என்பார்கள். செய்யாதவர்கள் குறைவு என்பதால் இது தப்பே இல்லை என்று ஒரு நினைப்பு உண்டு. மாட்டும்போதுதான் தெரியும்.

மாட்டுவது எப்படி என்று பாருங்கள். பட்டனை அழுத்திய இடம் ஜி.பி.எஸ்.ஸில் பதிவாகிறது. கஸ்டமரை ஆப் வழியாகக் கூப்பிட்டால் அந்த அழைப்பும், மணி எத்தனை நொடி அடித்தது என்பதும் பதிவாகிறது. சாயங்காலம் 6.40 முதல் 6.48-க்குள் பதினாறு பார்சலுக்கு 'கஸ்டமர் இல்லை' போட்டிருந்தால், பதினாறும் ஒரே டீக்கடை வாசலிலிருந்து போட்டது என்று வரைபடத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒரு தம்பிக்கு நானே இந்தப் படத்தைக் காட்டியிருக்கிறேன். "அண்ணே, சிக்னல் கிடைக்கலண்ணே" என்றான். சிக்னல் இல்லாமல் பதினாறு பதிவு எப்படி ஏறியது என்று விசாரணை அதிகாரி கேட்டபோது அவனிடம் பதில் இல்லை.

சரி, முடியவில்லை என்றால் முடியவில்லை என்று எழுதுங்கள். நான்கு மணிக்கே தெரிந்துவிடும் இன்றைக்கு எத்தனை மிஞ்சும் என்று. டீம் வாட்ஸ்அப்பில் "பாக்கி 14 இருக்கு, எட்டு மணிக்குள்ள முடியாது, என்ன பண்ணட்டும்?" என்று ஒரு வரி போடுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, நேரத்தோடு அந்த வரி இருக்கும். வேலை குறைவாகச் செய்ததற்கு எச்சரிக்கை தரலாம், ஊக்கத்தொகையைக் குறைக்கலாம். நாணயக்கேடு என்று அதை எழுத முடியாது. பொய் ரிமார்க் போட்டால் எழுத முடியும்.

'எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க, டி.எல்.லே போடச் சொன்னார்' என்றால் விடுவார்களா?

டி.எல். சொன்னதற்கு ஏதாவது பதிவு இருந்தால் உதவும். வாய்வழியாகச் சொன்னது விசாரணையன்று காற்றில் போய்விடும். டி.எல். முன்னால் உட்கார்ந்து "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்பார். அதைச் சொல்லும்போது உங்கள் கண்ணைப் பார்க்கவும் மாட்டார். ஒருவரை விட்டு ஒருவரைத் தண்டித்தார்கள் என்பது தொழில் தீர்ப்பாயத்தில் நல்ல வாதம்தான். ஆனால் அதற்கு மற்றவர்களின் விவரம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஓ.டி.பி.யை போனில் வாங்கிக்கொண்டு செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு வரலாமா?

கஸ்டமரே அப்படிச் செய்யச் சொல்வார். பார்சல் கிடைத்துவிட்டால் யாருக்கும் நினைவிருக்காது. கிடைக்காவிட்டால் "நான் வாங்கவே இல்லை, ஓ.டி.பி.யை ஏமாற்றி வாங்கினார்" என்று புகார் வரும். யாரிடம் கொடுத்தீர்களோ அவருடைய பெயரை ஆப்பில் போட இடமிருந்தால் போடுங்கள். கஸ்டமரிடம் "செக்யூரிட்டிகிட்ட குடுத்துடுங்க" என்று ஒரு மெசேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். செல்போன், லேப்டாப் போன்ற விலை உயர்ந்த பொருளென்றால் அதுவும் வேண்டாம், திருப்பி ஹப்புக்கே கொண்டுவாருங்கள்.

சி.ஓ.டி. (பார்சல் கொடுக்கும்போது கஸ்டமரிடம் வாங்கும்) பணத்தில் ஐந்நூறு ரூபாயை அவசரத்துக்கு எடுத்து மறுநாள் வைத்துவிட்டேன். அது தப்பா?

தப்பு. வைத்துவிட்டீர்கள் என்பதால் நேராகாது.

இது எப்படி வளரும் என்று சொல்கிறேன். திங்கள்கிழமை பெட்ரோலுக்கு 500. செவ்வாய்க்கிழமை வசூலிலிருந்து திங்கள் கணக்கைக் கட்டுவீர்கள், செவ்வாயில் 500 குறையும். கூடவே வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், இன்னொரு 800. வெள்ளிக்கிழமை வரும்போது, கட்ட வேண்டிய பணத்தைக் குறைத்துக்காட்ட இரண்டு பார்சலை 'டெலிவரி ஆகவில்லை' என்றே ஆப்பில் வைத்திருப்பீர்கள். கஸ்டமர் கையில் பொருள், ஆப்பில் இன்னும் உங்கள் பையில். எந்த ஹப்பிலும் பையிலுள்ள பார்சலை எண்ணிப் பார்த்து சிஸ்டத்தோடு ஒப்பிடும் ஒரு நாள் வரும். அன்றைக்கு எல்லாம் முடிந்தது.

தொகை சின்னது என்று நீதிமன்றத்தில் சொல்லலாமா என்று கேட்பார்கள். பஸ் கண்டக்டர் வழக்குகளில் இது பல முறை முடிவாகிவிட்டது. வடகிழக்கு கர்நாடகப் போக்குவரத்துக் கழக வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், கையாடிய தொகை சில நூறு ரூபாய்தான் என்ற வாதத்தை ஏற்கவில்லை. பணத்தை நம்பி ஒப்படைத்த வேலையில் போவது நம்பிக்கை, தொகை எவ்வளவு என்பது அடுத்த கேள்வி என்பதுதான் அந்தத் தீர்ப்புகளின் போக்கு. சி.ஓ.டி. வாங்குகிற ரைடரும் அந்த வகையில் கண்டக்டர் மாதிரிதான்.

போலீஸுக்கும் போகலாம். வேலையாள் நம்பிக்கை மோசடி செய்தால் பாரதிய நியாய சன்ஹிதா 316(4)-ன்படி ஏழு ஆண்டு வரை சிறை. வேலையாள் திருட்டுக்கு 306-ம் பிரிவு, அதிலும் ஏழு ஆண்டு வரை. பெரும்பாலான ஹப்கள் போலீஸுக்குப் போகாமல் பணத்தைக் கட்டவைத்து வெளியே அனுப்பிவிடும். அந்தக் கதை கீழே ராஜினாமா பற்றிய கேள்வியில் வருகிறது.

கஸ்டமரிடம் சில்லறை இல்லை, என் ஜிபேவில் வாங்கிக்கொண்டு கையிலிருந்து கட்டிவிட்டேன். இதில் என்ன மோசடி?

மனதளவில் எதுவும் இல்லை. காகிதத்தில் இருக்கிறது. கம்பெனியின் க்யூ.ஆர். இருக்கும்போது சொந்தக் கணக்கில் வாங்குவதைப் பல கம்பெனிகள் விதியிலேயே தடை செய்திருக்கின்றன. அன்றே கட்டிவிட்டால் எச்சரிக்கையோடு போகும். இரண்டு நாள் கழித்துக் கட்டினால், கம்பெனிப் பணம் உங்கள் வங்கிக் கணக்கில் இரண்டு நாள் படுத்திருந்ததற்கு உங்கள் ஸ்டேட்மென்டே சாட்சி. நெட் இல்லாமல் க்யூ.ஆர். வராவிட்டால் ஹப்புக்குப் போன் செய்து சொல்லிவிட்டு வாங்குங்கள்.

பார்சல் தொலைந்தால் என் சம்பளத்தில் பிடிக்கலாமா? வேலையை விட்டும் எடுக்கலாமா?

தொலைவது ஒன்று, தொலைத்தது ஒன்று. கடையில் ரெண்டு நிமிடம் நிறுத்தின வண்டியிலிருந்து பை போய்விட்டது என்றால் அது கவனக்குறைவு. ஒரு தடவைக்கு வேலையை எடுப்பது மிகை. மாதத்துக்கு இரண்டு முறை, அதுவும் செல்போன் பெட்டியாகப் பார்த்துத் தொலைந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பிடித்தத்துக்கு ஊதியச் சட்டத் தொகுப்பில் கணக்கு உண்டு. உங்களிடம் ஒப்படைத்த பொருளோ பணமோ உங்கள் கவனக்குறைவால் நேரடியாகத் தொலைந்தால்தான் பிடிக்கலாம். பிடிக்கும் முன் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்த மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. சார்ட்டிங்கில் (ஹப்பில் பார்சல் பிரிக்கும் இடத்தில்) காணாமல் போன பார்சலை அன்றைக்கு ரூட்டில் இருந்த எல்லார் தலையிலும் பங்குபோட்டுப் பிடிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது சட்டப்படி நிற்காது. பையை எடுக்கும்போது எண்ணி, ஸ்கேன் செய்து, குறைந்தால் அங்கேயே ஷார்ட்டேஜ் என்று எழுதவைப்பது பத்து நிமிட வேலை. காலையில் லோடு எடுக்கும் அவசரத்தில் அந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லாரும் விடுகிறார்கள்.

ரிட்டர்ன் எடுக்கும்போது பெட்டிக்குள் வேறு பொருள் இருந்தால் யார் பொறுப்பு?

பிக்கப்பில் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லும் ஆர்டர் என்றால் நீங்கள். புது ஷூவை வைத்துக்கொண்டு பழைய செருப்பைத் திருப்பிக் கொடுக்கும் கஸ்டமரும் உண்டு, வழியில் மாற்றுகிற ஆளும் உண்டு. இரண்டுக்கும் பழி ரைடர் மேல்தான் முதலில் விழும். கஸ்டமர் முன்னால் திறந்து போட்டோ எடுத்துவிடுங்கள். ஆப் கேட்காவிட்டாலும் எடுங்கள்.

கஸ்டமர் கெட்ட வார்த்தை பேசினார், நானும் பேசிவிட்டேன். போய்விடுமா?

ஒரே ஒரு தடவை, வாய்ச்சண்டை மட்டும் என்றால் போகக் கூடாது. கை வைத்தால் பெரும்பாலும் போய்விடும், யார் முதலில் ஆரம்பித்தது என்பது அப்புறம்தான்.

கெட்ட வார்த்தைக்கு டிஸ்மிஸ் சரியா என்பதில் உச்ச நீதிமன்றமே இரண்டு விதமாகப் போயிருக்கிறது. 1982-ல் ரமா காந்த் மிஸ்ரா வழக்கில், ஆத்திரத்தில் ஒரு தடவை வந்த வார்த்தைக்கு வேலையைப் பறிப்பது அளவுக்கு மீறிய தண்டனை என்று ரத்து செய்தது. 2005-ல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா வழக்கில், மேலதிகாரியை மற்றவர்கள் முன்னால் அசிங்கமாகத் திட்டியதற்கு டிஸ்மிஸ் சரிதான் என்றது. என்ன சூழ்நிலை, யார் முன்னால், எத்தனை தடவை, பழைய ரிக்கார்டு எப்படி என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவாகிறது. அதனால் விளக்கக் கடிதத்தில் "பேசவே இல்லை" என்று எழுதாதீர்கள். வாசலுக்கு வாசல் கேமரா இருக்கும் காலம் இது. அவர் என்ன சொன்னார், அப்புறம் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று வரிசையாக எழுதுங்கள்.

டெலிவரி கொடுத்த வீட்டுப் பெண்ணுக்கு 'ஹாய்' என்று ஒரு மெசேஜ் அனுப்பினேன். இதற்குமா?

இதற்குத்தான். எனக்குத் தெரிந்து எந்த இன்சார்ஜும் இதில் தயவு காட்டியதில்லை, காட்டவும் கூடாது. உங்களுக்கு அந்த நம்பர் பார்சல் கொடுக்கத் தரப்பட்டது. அந்தப் பெண்ணுக்கு நீங்கள் யாரென்று தெரியாது, அவர் வீடு எதுவென்று உங்களுக்குத் தெரியும். எந்நேரம் தனியாக இருப்பார் என்பதுகூடத் தெரிந்திருக்கலாம். அந்தப் பயத்தில் இருந்துதான் 'ஹாய்' படிக்கப்படுகிறது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-ன்படி புகார் கொடுக்கும் பெண் அந்தக் கம்பெனியில் வேலை பார்ப்பவராக இருக்கவேண்டிய அவசியமில்லை. வேலை நிமித்தம் போகிற இடமும் பணியிடம்தான். மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம், பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள எந்தக் கம்பெனியிலும் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். பதில் வராத பிறகும் தொடர்ந்து அனுப்பினால் பாரதிய நியாய சன்ஹிதா 78-ம் பிரிவு, பின்தொடர்தல் குற்றம், முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை. ஹப்பில் கூட வேலை பார்க்கும் பெண்களிடம் கிண்டல் என்ற பெயரில் பேசுவதும் இதே கணக்கில்தான் வரும்.

வேலை முடிகிற நேரத்தில் ஒரு பீர் குடித்தால்?

பையில் ஒரு பார்சலாவது இருக்கும் வரை நீங்கள் டியூட்டியில்தான். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185-ம் பிரிவு, முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ. கம்பெனிக்கு அந்த ரசீது ஒன்றே போதும். கம்பெனி டி-ஷர்ட்டோடு டாஸ்மாக் வரிசையில் நின்ற போட்டோ வந்தும் விசாரணை நடந்திருக்கிறது. அது கொஞ்சம் அதிகம் என்று நான் சொன்னேன், கேட்கவில்லை.

எனக்கு உடம்பு சரியில்லை, என் ஐ.டி.யில் தம்பி ஓட்டினான்...

உடனே பிளாக் ஆகும், பெரும்பாலும் திரும்ப வராது. உங்களைச் சரிபார்த்து அனுப்பிய கம்பெனிக்கு, முகம் தெரியாத ஒருவர் வீடு வீடாகப் போனது பெரிய ஆபத்து. விபத்து நடந்தால் காப்பீடும் கிடைக்காது. ஒரு நாள் கூலி போனால் போகட்டும், லீவு போடுங்கள்.

சொல்லாமல் பத்து நாள் ஊருக்குப் போய்விட்டேன். 'நீயே விட்டுட்டுப் போயிட்ட' என்கிறார்கள்.

லீவு சொல்லாமல் பத்து நாளுக்கு மேல் வராதது பழைய மாதிரி நிலையாணைகளிலேயே (வேலை நிபந்தனைகளை எழுதிவைத்த விதிகள்) ஒழுங்கீனமாக எழுதப்பட்டிருந்தது. அதற்காகப் பெயரைத் தானாக அடித்துவிட முடியாது. 1993-ல் டி.கே. யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: எட்டு நாள் வராவிட்டால் தானாக வேலை முடிந்தது என்று விதி இருந்தாலும், கூப்பிட்டு விளக்கம் கேட்காமல் நீக்கியது இயற்கை நீதிக்கு மாறானது. எனவே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள்: இன்ன காரணத்தால் வரவில்லை, இன்ன தேதியில் வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை. மருத்துவச் சீட்டு இருந்தால் நகல் வையுங்கள்.

டியூட்டியில் தூங்குவதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பாரத் ஃபோர்ஜ் வழக்கில் பகல் நேரத்தில் வேலையிடத்தில் தூங்கியவரின் டிஸ்மிஸ்ஸை 2005-ல் உச்ச நீதிமன்றம் சரி என்றது. அவருக்கு அதற்கு முன்பே மூன்று முறை தண்டனை கிடைத்திருந்தது என்பதை மறக்க வேண்டாம். நைட் ஷிப்ட் சார்ட்டிங்கில் ஒரு தடவை கண் அசந்தவருக்கு அது பொருந்தாது.

சங்கத்தில் சேர்ந்தாலோ ஸ்டிரைக்கில் உட்கார்ந்தாலோ எடுப்பார்களா?

சங்கத்தில் சேர்வதற்காக எடுத்தால் அது முதலாளி செய்த நேர்மையற்ற தொழில் நடைமுறை. ஸ்டிரைக்கில் மட்டும் இப்போது கவனம் வேண்டும். தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. பாதிப் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்து ஒரே நாளில் கேஷுவல் லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தமாகவே எடுத்துக்கொள்ளப்படும். "நாளைக்கு யாரும் லாகின் பண்ணாதீங்க" என்று குரூப்பில் முதலில் போட்ட ஆள்தான் எப்போதும் மாட்டுகிறார். ஹப்புக்குள் எடுத்த ரீல்ஸில் கஸ்டமர் முகவரி தெரிந்தால் அது தனிக் குற்றச்சாட்டு.

'நாளையிலிருந்து வராதே' என்று வாயால் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதானா?

இல்லை. ஒழுங்கீனத்துக்காக நீக்குவதற்கு ஒரு பாதை உண்டு. குற்றச்சாட்டை எழுத்தில் தர வேண்டும், பதில் சொல்ல நேரம் தர வேண்டும், விசாரணை நடத்த வேண்டும், சாட்சிகளை நீங்கள் குறுக்குக் கேள்வி கேட்க விட வேண்டும், அறிக்கையின் நகல் தர வேண்டும், அப்புறம்தான் ஆணை. வக்கீலைப் பெரும்பாலும் அனுமதிக்க மாட்டார்கள். கூட வேலை பார்ப்பவர் ஒருவரைத் துணைக்குக் கேளுங்கள். வாய் அதிகம் பேசுகிறவரை விட, நிதானமாக எழுதக்கூடியவர் நல்லது.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, 41-ம் பிரிவு: ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. விசாரணையில் நிரூபித்த ஒழுங்கீனத்துக்கு மட்டும் முன்னறிவிப்பு தேவையில்லை. இதன்கீழ் மேல்முறையீட்டுக்கு நாள் குறைவு, ஆணை கைக்கு வந்தவுடன் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். இன்னொரு வழி சமரச அலுவலரிடம் தொழில் தகராறு எழுப்புவது. அதற்கு இப்போது இரண்டு ஆண்டுதான் கெடு, முன்பு மூன்றாக இருந்தது. தீர்ப்பாயம் தண்டனையைக் குறைக்கவும் செய்யலாம்.

300 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடமென்றால் நிலையாணைகள் உண்டு. சஸ்பென்ட் செய்தால் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாக (சஸ்பென்ஷன் காலத்தில் தரும் தொகை) வரும், அதற்கு மேலும் உங்களால் தாமதமாகவில்லை என்றால் முக்கால்வாசி. விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். விசாரணை ஒழுங்காக நடக்கவில்லை என்பதால் மட்டும் வேலை தானாகத் திரும்பக் கிடைக்காது. கம்பெனி தீர்ப்பாயத்திலேயே புதிதாக ஆதாரம் காட்டி நிரூபிக்கலாம். ஆகவே "எனக்கு நோட்டீஸே தரல" என்ற ஒரே வாதத்தை நம்பி உட்காராமல், உண்மையில் என்ன நடந்தது என்பதற்கான ஸ்கிரீன்ஷாட்டுகளைத் தேதியோடு எடுத்து வையுங்கள். ஐ.டி. பிளாக் ஆனபின் ஆப்புக்குள் போக முடியாது. அதற்கு முன்பே எடுக்க வேண்டும்.

'ரிசைன் எழுதிக் கொடு, இல்லன்னா போலீஸ்' என்று மிரட்டுகிறார்கள். எழுதலாமா?

அந்த அறையில் வைத்து எதையும் எழுதாதீர்கள். "வீட்டில் பேசிவிட்டு நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லி வெளியே வாருங்கள். யாரும் உங்களைப் பூட்டிவைக்க முடியாது. வெற்றுத்தாளில் கையெழுத்து, தேதியில்லாத ராஜினாமா, "நான் எடுத்தேன், மன்னித்துவிடுங்கள்" என்ற கடிதம், இந்த மூன்றும் பிறகு கழுத்தைப் பிடிக்கும். ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் அன்றே அல்லது மறுநாளே, மிரட்டி எழுதிவாங்கினார்கள் என்று மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அதே சமயம், உண்மையிலேயே பணத்தை எடுத்திருந்தால் கணக்கு மாறுகிறது. அப்போது ரசீது வாங்கிக்கொண்டு பணத்தைக் கட்டி, பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்கி, ராஜினாமா செய்வது பல பேருக்கு நல்லதாகவே முடிந்திருக்கிறது. நான் கம்பெனி பக்கம் இருந்தபோதும் இதைத்தான் சொன்னேன்.

நான் கம்பெனி ஆள் இல்லை, வெண்டர் (ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரர்) ஆள். அல்லது ஆப்பில் 'பார்ட்னர்'. எனக்கு இதெல்லாம் உண்டா?

வெண்டர் மூலம் வந்தவர் என்றால் உங்கள் முதலாளி வெண்டர். பி.எஃப். யார் பெயரில் கட்டப்படுகிறது என்று பாருங்கள், அவருக்குத்தான் முதல் கடிதம். கம்பெனிக்கும் நகல் அனுப்புங்கள்.

ஆப் பார்ட்னர் நிலைமை மோசம். சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் கிக் தொழிலாளர் (இப்படி ஆப் வழியாக வேலை பார்ப்பவர்) என்ற பெயர் வந்துவிட்டது, கம்பெனிகள் வருவாயில் 1 முதல் 2 சதவீதம் நலநிதிக்குத் தர வேண்டும் என்றும் வந்துவிட்டது. ஐ.டி.யை முடக்கும் முன் விசாரிக்க வேண்டும் என்று அதில் இல்லை. பக்கத்தில் கர்நாடகம் 2025-ல் கொண்டுவந்த சட்டத்தில் நீக்குவதற்கு 14 நாள் முன்னறிவிப்பும் எழுத்தில் காரணமும் வேண்டும் என்றிருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 கடைசியில் அமைத்த கிக் தொழிலாளர் நலவாரியம் இருக்கிறது, உதவிகளுக்காக அதில் பதிந்துகொள்ளுங்கள். ஐ.டி.யைத் திரும்ப வாங்கித்தரும் அதிகாரம் அதற்கு இல்லை. இந்த இடத்தில் நம் சட்டம் பின்தங்கித்தான் கிடக்கிறது.

தபால்காரர்களுக்கும் இதே விதியா?

இல்லை. அவர்கள் அரசு ஊழியர்கள், அரசமைப்புச் சட்டம் 311-ம் பிரிவின் பாதுகாப்பு உண்டு, விசாரணை முறையும் தனி. மணியார்டரைக் கொடுக்காமல் கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்டவரைத் தபால் துறை மன்னிப்பதில்லை என்பது மட்டும் ஒன்றுதான்.

கோர்ட்டில் விடுதலை ஆகிவிட்டேன். வேலை தானாகத் திரும்புமா?

தானாகத் திரும்பாது. கோர்ட்டுக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத ஆதாரம் வேண்டும், உள்விசாரணைக்கு நடந்திருக்கக் கூடும் என்ற அளவு போதும். இரண்டும் ஒரே நேரத்திலும் நடக்கலாம். ஆனால் இரண்டிலும் அதே சாட்சி, அதே சம்பவம் என்றால் விடுதலைத் தீர்ப்பு பெரிய பலம். 1999-ல் கேப்டன் பால் ஆன்டனி வழக்கு இதற்கு உதாரணம். பிழைப்பூதியம் தராததால் அவர் விசாரணைக்கே போக முடியாமல் இருந்ததையும் உச்ச நீதிமன்றம் அதில் கணக்கில் எடுத்துக்கொண்டது.

டிஸ்மிஸ் செய்தால் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் போய்விடுமா?

பி.எஃப். போகாது, இரண்டு பங்கும் உங்களுடையது. வேலை பார்த்த நாளுக்கான சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். கிராஜுவிட்டியை மட்டும் சில நிலைகளில் பிடிக்கலாம்: கம்பெனிக்கு நஷ்டம் ஏற்படுத்தியிருந்தால் அந்த நஷ்டத்தின் அளவுக்கு, வன்முறை அல்லது ஒழுக்கக்கேடான குற்றம் என்றால் முழுவதுமோ ஒரு பகுதியோ. இதற்குக் கோர்ட்டில் தண்டனை ஆகியிருக்க வேண்டியதில்லை என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்த கம்பெனியில் எப்படிச் சொல்வது?

பெரிய கம்பெனிகள் பழைய இடத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிச் சரிபார்க்கின்றன. சின்ன வெண்டர்கள் போனில் கேட்பார்கள், அல்லது கேட்கவே மாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஃபேக் அட்டெம்ப்டுக்காக நீக்கப்பட்டவர். அடுத்த இடத்தில் விண்ணப்பத்தில் 'சொந்தக் காரணத்தால் ராஜினாமா' என்று எழுதி வேலை வாங்கினார். நல்ல ரைடர், மூன்று மாதத்தில் அந்த ஹப்பில் முதல் ஆளாக வந்துவிட்டார். நான்காவது மாதம் சரிபார்ப்பு அறிக்கை வந்தது. பழைய தப்புக்காக எடுத்திருக்கவே மாட்டோம், படிவத்தில் எழுதினதற்காகத்தான் என்று அங்கிருந்த இன்சார்ஜ் என்னிடம் போனில் சொன்னார்.